எண்ணெயும் தலைநகரும்

ஓடமும் ஒரு நாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒரு நாள் ஓடத்தில் ஏறும் என்பது நம் நாட்டுப் பழமொழி. ஊர்தியின் வரலாற்றை ஆராயப் புகுவோர்க்கு இப்பழமொழியைவிடச் சிறந்த முகவுரை வேறில்லை. நேற்று வேண்டாவென்று நாம் ஒதுக்கிய வண்டியையே இன்று வருந்தி அழைக்கின்றோம்; இன்று ஒதுக்குவதை நாளை அழைக்க நேரும். இவ்வுண்மையைக் கண்முன் நிறுத்திய நகரம் ஒன்று உண்டென்றால், அது நம்மவர் பல்லாயிரவர் பிழைப்பை நாடி வந்து குடியேறியிருக்கும் டில்லி மாநகரமே ஆகும்.

1973ஆம் ஆண்டு நவம்பர் மாதம் டில்லிப் பாராளுமன்ற வாயிலில் ஓர் அரிய காட்சி நிகழ்ந்தது. பெட்ரோல் விலை திடீரென உயர்த்தப்பட்டதைக் கண்டிக்கும் பொருட்டு, ஜனசங்கத்தின் தலைவர்களுள் ஒருவரான அடல் பிஹாரி வாஜ்பாய் மாட்டு வண்டியில் ஏறிப் பாராளுமன்றத்திற்கு வந்தார். அந்நாட்களிலேயே பிரதமர் இந்திரா காந்தியும், எரிபொருளைச் சிக்கனமாகச் செலவிட வேண்டுமென்பதை மக்களுக்கு உணர்த்தக் குதிரை வண்டியில் பிரயாணம் செய்து காட்டினார். ஆளும் கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் எத்தனையோ வேற்றுமைகள் இருந்தன. ஆயினும் மோட்டாரை விட்டிறங்கிப் பழைய வண்டியை நாடியதில் மட்டும் இருவரும் ஒன்றுபட்டனர். எண்ணெய் விலையின் வலிமை அத்தகையது!

விலை ஏறியதன் காரணம் நெடுந்தொலைவில் இருந்தது. 1973 அக்டோபரில் இஸ்ரேலுக்கும் அரபு நாடுகளுக்கும் போர் மூண்டது. அரபு நாடுகள் எண்ணெயையே ஆயுதமாகக் கையிலெடுத்தன, உற்பத்தியைக் குறைத்தன, சில நாடுகளுக்கு விற்பனையையே நிறுத்தின. போருக்கு முன் பீப்பாய் ஒன்றுக்கு ஏறத்தாழ 3 டாலராக இருந்த கச்சா எண்ணெய், 1974 ஜனவரியில் 11 டாலரையும் கடந்தது. நம் நாடோ அப்பொழுது தனக்கு வேண்டிய எண்ணெயில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை வெளிநாடுகளிலிருந்தே பெற்று வந்தது. பாரசீக வளைகுடாவில் எழுந்த அலை, யமுனைக் கரையில் ஆபீசுக்குச் செல்லும் குமாஸ்தாவின் வீட்டுக் கணக்கில் வந்து மோதியது இவ்வாறுதான்.

ஆனால் எண்ணெய்க்கு மாற்றுத் தேடும் முயற்சி 1973இல் பிறந்ததன்று. அது அதற்கு முன்னரே ஒரு முறை தோன்றி மறைந்தது. அக்கதையை அறிந்தால்தான் பிற்காலக் கதை நமக்குத் தெளிவாகும்.

எண்ணெய் வருமுன் நம் நகரங்கள் எவற்றால் இயங்கின? டில்லியில் குதிரை பூட்டிய டாங்கா வண்டிகள் ஓடின. 1908ஆம் ஆண்டில் மின்சார டிராம் வந்தது. சாந்தினி சௌக், ஜும்மா மசூதி, சதர் பஜார் முதலிய நெருக்கமான கடைவீதிகளின் ஊடே அது மணியடித்துக் கொண்டு ஊர்ந்து சென்றது. நம் சென்னை இத்துறையில் டில்லிக்கும் மூத்தது. 1895ஆம் ஆண்டிலேயே சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கிற்று. இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் அதுதான். புகையில்லாத, பெட்ரோல் வேண்டாத ஊர்தியைத் தமிழ்நாட்டுத் தலைநகர் அத்தனை காலத்திற்கு முன்பே கண்டுவிட்டது.

1911இல் இராஜதானி கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாறியது. லட்யன்ஸ் முதலிய சிற்பிகள் வகுத்த புதுடில்லி, 1931இல் திறந்து வைக்கப்பட்டது. பழைய டில்லி நடந்து செல்வதற்கென்று அமைந்த நகரம். புதுடில்லியோ அகன்ற சாலைகளும் நீண்ட தூரங்களும் கொண்டு, வண்டி உடையோர்க்கென்றே அமைந்த நகரம். வைசிராயும் அதிகாரிகளும் மோட்டாரில் சென்றனர். அவர்களுடைய கோப்புகளை எழுதிய குமாஸ்தாக்களுள் சென்னை மாகாணத்திலிருந்து வந்தோர் பலர். கரோல் பாக் முதலிய இடங்களில் குடியிருந்த அவர்களுக்கு வாய்த்த வாகனம் சைக்கிள். காலையிலும் மாலையிலும் மத்தியச் செயலகத்தைச் சுற்றிய சாலைகளில் சைக்கிள்கள் வெள்ளம்போல் பெருகிச் செல்வது அக்காலத்து வழக்கமான காட்சி. 1949இல் சென்னையில் தொடங்கப்பெற்ற டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலை, நம் நாட்டிலேயே சைக்கிள் செய்து விற்கும் பெரிய நிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்தது. எண்ணெய் ஒரு சொட்டும் கேளாத ஊர்தி அது. சோறும் தண்ணீருமே அதற்கு எரிபொருள்!

இரண்டாம் உலகப் போர் வந்தது. 1942இல் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று; பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்த எண்ணெய் நின்றது. அஸ்ஸாமில் திக்பாய் என்னுமிடத்தில் 1901 முதல் சுத்திகரிப்பு ஆலை இயங்கி வந்ததெனினும், ஒரு துணைக்கண்டத்தின் தேவைக்கு அது எம்மாத்திரம்? கிடைத்த பெட்ரோலும் படைகளுக்கே வேண்டியிருந்தது. பொதுமக்களுக்குப் பெட்ரோல் பங்கீட்டு முறையில் அளந்து கொடுக்கப்பட்டது. அப்பொழுது வந்தன கரிவாயு பஸ்கள்.

இன்று முதுமை எய்தியோர் தம் பெற்றோர் வாயிலாகவேனும் இவற்றைக் கேள்வியுற்றிருப்பர். பஸ்ஸின் பின்புறத்தில் ஓர் ஆள் உயரத்திற்கு இரும்புக் கொப்பரை ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அதில் மரக்கரியைக் கொட்டித் தீ மூட்டுவர். காற்றை அளவோடு செலுத்தினால் கரி முழுமையாக எரிவதில்லை. கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு உண்டாகும். அவ்வாயுவைக் குளிர்வித்து, தூசு நீக்கி, இயந்திரத்துக்குள் அனுப்பினால் பெட்ரோலின் வேலையை அது செய்யும். ஆனால் முழு வேலையையும் செய்யாது. இயந்திரத்தின் வலிமை பெரிதும் குன்றும். விடியற்காலையில் எழுந்து, கையால் சுழற்றும் விசிறியைக் கொண்டு நெடுநேரம் ஊதினால்தான் வண்டி புறப்படும். மேட்டில் ஏறும்போது பிரயாணிகள் இறங்கித் தள்ளியதும் உண்டு. கரியும் சாம்பலும் சட்டையெல்லாம் படியும். ஆயினும் அந்த வண்டிகள் ஓடின. ஊர்கள் ஒன்றோடொன்று தொடர்பிழக்காமல் இருந்தன.

அதே காலத்தில் கரும்பாலைக் கழிவான வெல்லப்பாகிலிருந்து வடித்த சாராயத்தைப் பெட்ரோலுடன் கலக்கும் முயற்சியும் நடைபெற்றது. சுதந்திரம் அடைந்த பின்னர், 1948இல் இதற்கென்றே ஒரு சட்டமும் இயற்றப்பட்டது. ஆனால் போர் முடிந்து எண்ணெய்க் கப்பல்கள் மீண்டும் துறைமுகங்களுக்கு வந்து சேர்ந்தவுடன் கரிக் கொப்பரைகள் கழற்றி எறியப்பட்டன. சாராயக் கலப்பும் பின்னுக்குச் சென்றது. அதுமட்டுமன்று, 1953இல் சென்னை டிராமும், 1963இல் டில்லி டிராமும் நின்றன. டிராம் நிறுத்தப்பட்டதற்கு நஷ்டம், தேய்ந்த தண்டவாளம், சாலை நெருக்கடி எனக் காரணங்கள் இல்லாமல் இல்லை. எனினும் எண்ணெய் மலிவாக இருந்த அந்தக் காலத்தில், மின்சாரத்தால் ஓடும் ஊர்தியைக் காத்துப் புதுப்பிக்க வேண்டுமென்ற கவலை எவர்க்கும் எழவில்லை என்பதே அடிப்படை உண்மை.

மலிவு எண்ணெயின் காலத்தில் டில்லி தன் மனம்போல் வளர்ந்தது. தனியார் நடத்தி வந்த பஸ் போக்குவரத்தை 1948இல் அரசாங்கம் ஏற்றது. பெயர்கள் பல மாறி, 1971இல் அது டில்லிப் போக்குவரத்துக் கழகம் ஆயிற்று. போர் முடிந்தபின் இராணுவம் கழித்த ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிள்களை வாங்கி, பின்னால் இருக்கைகள் கட்டி ஓட்டினர் சிலர். அவை எழுப்பிய ஓசையையே பெயராக்கி ஜனங்கள் அவற்றை ‘பட்பட்டி’ என்றழைத்தனர். கன்னாட் பிளேசிலிருந்து செங்கோட்டை வரை நம்மவருள் எத்தனை பேர் அந்தப் பட்பட்டியில் குலுங்கிக் குலுங்கிச் சென்றிருப்பர்! பஸ், ஆட்டோ ரிக்ஷா, டாக்சி, பட்பட்டி ஆகிய அனைத்தும் பெட்ரோலையோ டீசலையோ நம்பி நின்றன. எனவேதான் 1973இல் அடி விழுந்தபோது தலைநகர் தடுமாறிற்று.

அந்த அடி ஒரு நன்மையையும் விளைத்தது. நாட்டினுள்ளேயே எண்ணெய் தேடும் வேலை முன்னிலும் விரைந்தது. 1956இல் நிறுவப்பெற்ற எண்ணெய், இயற்கை வாயு ஆணையம் காம்பேயிலும் அங்கலேஷ்வரிலும் முன்னரே எண்ணெய் கண்டிருந்தது. 1974இல் பம்பாய்க்கு மேற்கே கடலடியில் ‘பம்பாய் ஹை’ என்னும் பெரும் எண்ணெய் வயலை அது கண்டறிந்தது. அங்கே எண்ணெயுடன் வாயுவும் வெளிப்பட்டது. ஆனால் அவ்வாயுவைக் கொண்டு செல்லக் குழாய்கள் இல்லாத காரணத்தால், பெரும்பகுதியைக் கடலின்மீதே கொளுத்திவிட நேர்ந்தது. வீட்டில் அடுப்பெரிக்க விறகில்லாதவன் தோட்டத்தில் சருகுக்குத் தீயிட்ட கதையாக இது சில காலம் நீடித்தது. பின்னர் 1984இல் இந்திய வாயு ஆணையம் நிறுவப்பட்டது. குஜராத்திலுள்ள ஹஜீராவிலிருந்து மத்தியப் பிரதேசத்தின் வழியாக உத்தரப் பிரதேசத்து ஜகதீஷ்பூர் வரை நெடுங்குழாய் இடப்பட்டது. அதன் கிளையொன்று டில்லியைத் தொட்டது. பிற்காலத்தில் தலைநகரின் வண்டிகளையெல்லாம் மாற்றப்போகும் எரிபொருள் அக்குழாயில்தான் வந்தது.

அம்மாற்றத்தைக் கொண்டுவந்தது விலையேற்றமன்று, மூச்சுத் திணறல். 1990களில் டில்லியின் காற்று நஞ்சாயிற்று. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா 1985இலேயே இது குறித்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்திருந்தார். அறிவியல், சுற்றுச்சூழல் மையத்தை நிறுவிய அனில் அகர்வாலும் அவருடைய தோழர்களும் புகையால் நேரும் தீமையைப் புள்ளி விவரங்களோடு எடுத்துக் கூறினர். 1998 ஜனவரியில் பூரே லால் தலைமையில் ஓர் ஆணையம் அமைந்தது. அதன் பரிந்துரைகளை ஏற்று, 1998 ஜூலை 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. டில்லியின் பஸ்கள் அனைத்தும் 2001 மார்ச் 31க்குள் அழுத்தப்பட்ட இயற்கை வாயுவில், அதாவது சி.என்.ஜி.யில், ஓட வேண்டும். 1990க்கு முற்பட்ட ஆட்டோக்களும் டாக்சிகளும் மாற்றப்பட வேண்டும். நகரில் 9ஆக இருந்த வாயு நிலையங்கள் 80 ஆக வேண்டும்.

கட்டளையிடுவது எளிது, அதை நடத்தி வைப்பது எத்துணைக் கடினம்! இயற்கை வாயுவின் பெரும்பகுதி மீத்தேன். கார்பனைக் குறைவாகக் கொண்ட எளிய பொருளாதலின் கரிப்புகை இன்றி எரியும். ஆனால் அதனை வண்டியில் எடுத்துச் செல்ல, சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல் 200 மடங்கு அழுத்தி, கனமான உருளைகளில் அடைக்க வேண்டும். அதற்கேற்ற உருளையும் குழாயும் அமுக்கு இயந்திரமும் வேண்டும். பழகிய தொழிலாளர் வேண்டும். இவையெல்லாம் போதிய அளவில் ஆயத்தமாவதற்குள் தவணை நாள் வந்துவிட்டது. 2001 ஏப்ரலில் பல பஸ்கள் தெருவுக்கு வரவில்லை. பள்ளிப் பிள்ளைகளும் ஆபீசு ஊழியரும் நிறுத்தங்களில் காத்து நின்றனர். வாயு நிலையங்களின் முன் ஆட்டோக்கள் நெடுவரிசையில் நின்றன. ஓட்டுநர்கள் தங்கள் வண்டியிலேயே இரவைக் கழித்தனர். பகலில் ஓட்டிச் சம்பாதிக்க வேண்டிய நேரத்தை அவர்கள் வரிசையில் நின்றே தொலைத்தனர்.

இதனை எதிர்த்தோர் வாதத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. கந்தகம் குறைந்த டீசலும் போதுமே என்றனர் சிலர். எந்த எரிபொருளைப் பயன்படுத்துவது என்பதை நீதிமன்றமா தீர்மானிப்பது என்று கேட்டனர் வேறு சிலர். தவணை இருமுறை நீண்டது. முடிவில் 2002 ஏப்ரல் 5ஆம் நாள், நீதிபதி கிர்பால் தலைமையிலமைந்த அமர்வு தாமதத்திற்கு இனி இடமில்லை என்று கூறிற்று. டீசலில் ஓடும் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் நாளொன்றுக்கு 500 ரூபாயும், முப்பது நாட்களுக்குப் பின் 1,000 ரூபாயும் அபராதம் என்றது. அவ்வாண்டு டிசம்பர் தொடக்கத்தில் டில்லியின் நகரப் பஸ்களில் டீசல் பஸ் மறைந்தது. இந்த வெற்றிக்காக உழைத்த அனில் அகர்வால் அவ்வாண்டு ஜனவரியிலேயே காலமாகிவிட்டார் என்பது வருந்தத்தக்கது.

அதே 2002 டிசம்பரில் மற்றொரு கதவும் திறந்தது. டிசம்பர் 24ஆம் நாள், ஷாதராவுக்கும் தீஸ் ஹஜாரிக்கும் இடையே டில்லி மெட்ரோ இரயில் ஓடத் தொடங்கிற்று. அதனைத் தொடங்கி வைத்த பிரதமர் யார்? 1973இல் மாட்டு வண்டியில் பாராளுமன்றம் சென்ற அதே வாஜ்பாய்தான். மெட்ரோவை நிருமாணித்த பொறியியல் அறிஞர் இ. ஸ்ரீதரனைத் தமிழ்நாடு முன்னரே அறியும். 1964 டிசம்பர்ப் புயலில் பாம்பன் பாலம் சிதைந்தபோது, அதனை 46 நாட்களில் மீண்டும் எழுப்பியவர் அவர். 1963இல் டில்லி மின்சார டிராமைக் கைவிட்டது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின் மின்சார இரயிலைத் தழுவிக் கொண்டது. இரயில் பாதை இன்று 350 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டுள்ளது. 2019 முதல் மத்தியப் பிரதேசத்து ரீவாவின் சூரிய மின்நிலையத்திலிருந்தும் மெட்ரோவுக்கு மின்சாரம் கிடைக்கிறது. ஓடமும் வண்டியில் ஏறிற்று எனலாமன்றோ?

எனினும் கதை இங்கே மங்களமாக முடிந்துவிட்டதென்று எண்ணுதல் கூடாது. சி.என்.ஜி. வந்தபின் சில ஆண்டுகள் காற்று தெளிந்தது. பின்னர் மோட்டார் வண்டிகள் இலட்சக் கணக்கில் பெருகின. குளிர்காலப் புகைமூட்டத்தை இன்றும் டில்லிவாசிகள் நன்கறிவர். அதற்கு வண்டிப்புகை மட்டுமே காரணமன்று. ஆயினும் அதுவும் ஒரு காரணம். நம் கடலில் கிடைத்த வாயு போதாமற்போகவே, 2004 முதல் குஜராத்தின் தஹேஜ் துறைமுகத்தில் கத்தார் நாட்டிலிருந்து திரவ வாயுவை இறக்குமதி செய்யலாயினர். எண்ணெய்க்கு மாற்றாக வந்த வாயுவும் கடல் கடந்தே வரத் தொடங்கிற்று! உக்ரைன் போர் மூண்ட 2022இல் உலக வாயு விலை ஏறியபோது, டில்லி ஆட்டோக்காரருக்கு வாயுவின் விலையும் பன்முறை ஏறிற்று. எரிபொருளை மாற்றினோம், பிறரை எதிர்பார்க்கும் நிலையை முற்றும் மாற்றினோமில்லை.

பெட்ரோலின் கதையும் அதுவே. 2010இல் பெட்ரோல் விலை மீதான அரசாங்கக் கட்டுப்பாடு நீங்கிற்று. 2014இல் டீசலும் விடுபட்டது. 2017 முதல் விலை நாள்தோறும் திருத்தப்படலாயிற்று. 2021 ஜூலையில் டில்லியில் ஒரு லிட்டர் பெட்ரோல் 100 ரூபாயைக் கடந்தது. கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் இறக்குமதியாகும் நாட்டில், விலையை நிர்ணயிப்பன கச்சா எண்ணெயின் சந்தை, டாலரின் மதிப்பு, மத்திய மாநில வரிகள் ஆகிய மூன்றுமே. இவற்றுள் நம் கைக்கெட்டுவது வரி ஒன்றே. அதையும் குறைத்தால் அரசாங்கத்தின் வருவாய் குறையும்.

ஆகவே பழைய வழிகள் புதுவேடம் பூண்டு வருகின்றன. 1948இன் சாராயக் கலப்பு எத்தனால் என்னும் பெயரில் திரும்பிவிட்டது. பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு அதனைக் கலக்கும் திட்டம் 2023இல் தொடங்கி 2025இல் நாடெங்கும் பரவிற்று. டாங்கா சென்ற இடத்தில் மின்கல ரிக்ஷாக்கள் சத்தமின்றி ஓடுகின்றன. 2014இல் நீதிமன்றம் அவற்றைத் தடுத்தது. 2015இல் சட்டம் திருத்தப்பட்டு அவை இடம்பெற்றன. 2022 முதல் மின்சாரப் பஸ்களும் டில்லிச் சாலைகளில் பெருகி வருகின்றன.

இவ்வரலாற்றில் நமக்கென்று ஒரு பாடம் உண்டு. பிறந்த மண்ணை விட்டுப் பிழைக்க வந்தவனுக்கு இருப்பிடம் பெரும்பாலும் நகரின் ஓரத்தில். வேலையோ நகரின் நடுவில். இடையிலுள்ள தூரத்தைக் கடக்கும் செலவே அவனுடைய வாழ்க்கைச் செலவில் பெரும் பகுதி. ஜங்புராவை அடுத்த கால்வாய்க் கரையில் நெடுங்காலம் இருந்த ‘மதராசி முகாம்’ என்னும் குடியிருப்பு 2025 ஜூனில் நீதிமன்ற ஆணைப்படி அகற்றப்பட்டது. தகுதி பெற்ற குடும்பங்களுக்கு நகரின் வடகோடியிலுள்ள நரேலாவில் வீடு ஒதுக்கப்பட்டது. அருகிலிருந்த வீடுகளுக்கு நடந்து சென்று பாத்திரம் துலக்கியும் சமைத்தும் பிழைத்த தமிழ்ப் பெண்களுக்கு, அவ்வேலைகள் ஒரே நாளில் நெடுந்தொலைவுக்குப் போய்விட்டன. பெட்ரோலின் விலை ஏறினால் வசதியுள்ளவர் முணுமுணுத்துக் கொண்டே போட்டுக் கொள்வர். இப்பெண்களுக்கோ பஸ் வருமா, எத்தனை மணிக்கு வரும் என்பதே வாழ்வா தாழ்வா என்ற கேள்வி. 2019 அக்டோபரில் டில்லி நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் நீக்கப்பட்டது. 2021இல் தமிழ்நாட்டிலும் சாதாரணப் பஸ்களில் அவ்வாறே செய்யப்பட்டது. கட்டணமின்மை நன்றே, ஆனால் நிறுத்தத்தில் பஸ் வந்து நின்றால்தான் அது பயன்படும்.

நூறாண்டுக் கதையை ஒன்றாக நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். விலை ஏறியபோதெல்லாம் மாற்று வழிகளைத் தேடினோம்; இறங்கியபோதெல்லாம் அவற்றைக் கைவிட்டோம். கரிவாயுவும் டிராமும் இவ்வாறே மறைந்தன. வாயு பஸ்ஸும் மெட்ரோவும் நிலைத்தமைக்குக் காரணம், அவை விலையை மட்டும் எண்ணிப் பிறந்தவையல்ல; மக்களின் மூச்சையும் நடமாட்டத்தையும் எண்ணிப் பிறந்தவை. எரிபொருள் எதுவாயினும் ஆகுக. பலர் சேர்ந்து ஏறும் வண்டிக்குச் சாலையில் முதலிடம் தரும் நகரமே விலையேற்றத்தைத் தாங்கி நிற்கும். எண்ணெய் மலிந்த நாளிலும் இதனை மறவாதிருப்பது நம் கடமை. நரேலாவில் விடியுமுன் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்ணுக்கு மலிந்த நாளென்று ஒன்று இல்லை.